துவைகல்லுக்குப் பக்கத்தில் ஒரு கம்பம்

போன வருடம் ஆனி மாதக் காற்றில், செங்கோட்டையைத் தாண்டிக் கேரள எல்லைக்குள் இருக்கும் ஆரியங்காவில், அத்தை வீட்டு டிஷ் பிடுங்கிக்கொண்டு விழுந்தது. டிஷ்ஷோடு சுவரில் ஒரு கை அகலத்துக்குக் காரை பெயர்ந்து, கீழ்வரிசை ஓடுகளில் நான்கும் உடைந்து போயின. அத்தை போனில் புலம்பவில்லை. "ஓடு போனா மாத்திக்கிடலாம் தாயி. மாமாவுக்குத்தான் சாயங்காலம் பொழுதே போக மாட்டேங்கு" என்று மட்டும் சொன்னாள். அந்த வீட்டை அறிந்தவர்களுக்கு இது எவ்வளவு பெரிய இழப்பு என்று தெரியும். மாமா ரயில்வேயில் கேங்மேனாக இருந்து ஓய்வு பெற்றவர். செங்கோட்டைக்கும் புனலூருக்கும் நடுவில் அந்த மலைப்பாதையில் அவர் கால்படாத தண்டவாளக் கட்டை இல்லை. இப்போது முழங்கால் ஒத்துழைப்பதில்லை. சாயங்காலம் ஆறு மணிக்கு மேல் அவருக்கு இருப்பது அந்தத் தொலைக்காட்சி ஒன்றுதான். சுற்றியிருக்கும் வீடுகளில் கேபிளில் வருவதெல்லாம் பெரும்பாலும் மலையாளம். மாமாவுக்கு மலையாளம் நன்றாகவே தெரியும். ஆனாலும் செய்தி தமிழில் கேட்டால்தான் கேட்ட மாதிரி இருக்கும் என்பார்.

டிஷ் விழுந்த விஷயம் எனக்குள் ஆறாமல் கிடந்ததற்குக் காரணம் வேறு. அதை மாட்டிய நாளில் நானும் போனில் இருந்தேன். வேலைக்கு வந்த பையன், "மொட்டை மாடி இல்லையே, எங்க மாட்ட?" என்று கேட்டிருக்கிறான். அத்தை என்னிடம் கேட்டாள். நான் யோசிக்காமல், "எவ்வளவு உயரமா முடியுமோ அவ்வளவு உயரமா சுவத்துல மாட்டச் சொல்லுங்க அத்தை" என்றேன். அவனும் கூரை விளிம்புக்குக் கீழே, சுண்ணாம்புக் காரை பூசிய பழைய வெட்டுக்கல் சுவரில், நான்கு ஓட்டை போட்டு மாட்டிவிட்டுக் காசு வாங்கிக்கொண்டு போனான். வெட்டுக்கல்லில் போல்ட் நிற்காது. முதல் மழைக்காலத்திலேயே ஓட்டைகள் தளர்ந்து, காற்றடித்தால் படம் கட்டங்கட்டமாக உடைய ஆரம்பித்திருந்தது. நான் பள்ளிக்கூடத்தில் இயற்பியல் நடத்துகிறவள். பூமியிலிருந்து பார்த்தால் அசையாமல் ஒரே இடத்தில் நிற்கும் புவிநிலைச் செயற்கைக்கோள் 35,786 கிலோமீட்டர் உயரத்தில் இருக்கிறது என்று ஒவ்வொரு வருடமும் கரும்பலகையில் எழுதுகிறேன். மூன்றரைக் கோடி மீட்டருக்கு அப்பாலிருந்து வரும் அலையைப் பிடிக்க, தட்டை மூன்று மீட்டர் தூக்கி வைத்து என்ன ஆகப்போகிறது? அந்தக் கேள்வி எனக்கு அன்றைக்குத் தோன்றவே இல்லை. எழுதிப் போட்ட எண் ஒரு பக்கம், அத்தை வீட்டுச் சுவர் ஒரு பக்கம் என்று இருந்திருக்கிறேன். அது எனக்கு வலித்தது.

உயரம் என்கிற பழைய பழக்கம்

"உயரமா வை" என்று நாக்கில் தானாக வருவதற்கு ஒரு வரலாறு உண்டு. எங்கள் பக்கத்தில் தொலைக்காட்சி என்றாலே ஆன்டெனாதான். 1982-இல் இலங்கையின் ரூபவாஹினி வந்தபோது அதைப் பிடிக்கத் தென்மாவட்டத்து வீடுகளில் இரும்புக் குழாய்க்கு மேல் குழாய் செருகி, பூஸ்டர் வைத்து, வானத்துக்கு ஏற்றினார்கள். 1987-இல் கொடைக்கானல் கோபுரம் வந்த பிறகும் அதே கதைதான். அந்த அலை தரையிலுள்ள கோபுரத்திலிருந்து ஏறக்குறைய நேர்கோட்டில் வரும். நடுவில் மலை நின்றால் மறைக்கும், பூமியின் வளைவே மறைக்கும். அதனால் ஒவ்வொரு அடி உயரத்துக்கும் பலன் இருந்தது. மாமா ரயில்வே குவார்ட்டர்ஸில் இருந்தபோது பனைமர உயரத்துக்கு ஆன்டெனா நட்டவர். ஒருவர் மேலே திருப்ப, ஒருவர் ஜன்னலில் நின்று "வந்துட்டு வந்துட்டு... போச்சு" என்று கத்த, அப்படிப் படம் பார்த்த தலைமுறை அது. அந்த அனுபவம் பொய்யில்லை. அதை டிஷ்ஷுக்கும் பொருத்தியதுதான் பிழை.

டிஷ்ஷுக்கு வேண்டியது இரண்டே இரண்டு. வானத்தில் அந்தக் குறிப்பிட்ட இடம் மறைப்பில்லாமல் தெரிய வேண்டும். ஒருமுறை பார்த்த இடத்திலிருந்து தட்டு அசையக் கூடாது. இரண்டாவதைத்தான் நாம் மறந்துவிடுகிறோம். 60 செ.மீ. தட்டின் பார்வை அகலம் மொத்தமே மூன்று டிகிரி அளவில்தான் இருக்கும். தட்டின் ஒரு விளிம்பு ஒரே ஒரு சென்டிமீட்டர் நகர்ந்தால் அது ஒரு டிகிரி. மணிக்கு நூறு கிலோமீட்டர் காற்று அந்தத் தட்டைச் சுமார் பதினைந்து கிலோ எடையின் விசையோடு தள்ளும். ஆரியங்காவு கணவாய்க் காற்றைப் பற்றி யாருக்கும் நான் சொல்லித் தர வேண்டியதில்லை. ஆனி, ஆடியில் புளியரை எஸ் வளைவில் பஸ் ஏறும்போது ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தாலே போதும். அந்தக் காற்று வரும் வழியில், பழைய சுவரின் உச்சியில், பாய்மரம் மாதிரி ஒரு தட்டைக் கட்டி வைத்திருந்தோம்.

சரி, இனி தரையில்தான் என்று நான் முடிவெடுத்தேன். மாமா ஒப்புக்கொள்ளவில்லை. "தரையில வச்சா என்ன தெரியும்? சுத்தி மலை, மரம். பலாமரத்தோட சேத்து இருபதடிக் குழாய் ஒண்ணு கட்டுவோம்" என்றார். அத்தைக்கு வேறு கவலை. அடுப்பங்கரைக்குப் பின்னால், தென்னைகளுக்கு நடுவே, கண்ணில் படாத மூலையில் என்றால் சம்மதம் என்றாள். நான் செல்போனில் கணக்குப் போட்டுக் காட்டினேன். மாதக் கட்டணம் இல்லாத டிடி ஃப்ரீ டிஷ்ஷே போதும் என்று மாமா சொல்லியிருந்தார். அது வருவது ஜிசாட்-15 செயற்கைக்கோளிலிருந்து. 2015 நவம்பரில் பிரெஞ்சு கயானாவிலுள்ள கூருவிலிருந்து ஏவப்பட்ட கோள் அது. இருக்கும் இடம் கிழக்குத் தீர்க்கரேகை 93.5 டிகிரி. ஆரியங்காவிலிருந்து பார்த்தால் கிழக்கிலிருந்து தெற்காக 28 டிகிரி திரும்பி, தரையிலிருந்து 68 டிகிரி தலையைத் தூக்கிப் பார்க்க வேண்டும். ஏறக்குறைய உச்சிக்குப் பக்கத்தில். அந்தச் சாய்வில் மலை எதுவும் குறுக்கே வராது. மரம் வரலாம், ஆனால் அதுவும் கிட்டத்தில் இருந்தால்தான். மரத்தின் உயரத்தில் ஐந்தில் இரண்டு பங்கு தூரம் விலகிவிட்டால் போதும். பதினைந்து மீட்டர் தென்னை என்றால் ஆறு மீட்டர். இதையெல்லாம் சொன்னேன். மாமா மரியாதையாகக் கேட்டுவிட்டு, "நீ படிச்சவ, சொல்லுத. எனக்குக் கண்ணால பாத்தாத்தான் ஆச்சு" என்றார். ஒரு வாழ்நாள் முழுக்கத் தண்டவாளத்தைக் குனிந்து கண்ணால் பார்த்தே சரி செய்தவர் அப்படித்தான் சொல்வார்.

பங்குனி வெயில்

கண்ணால் பார்க்க ஒரு வழி இருந்தது. வருடத்தில் இரண்டு முறை, சில நாட்கள் மட்டும், சூரியன் நடந்து போகும் பாதை அந்தச் செயற்கைக்கோள் நிற்கும் இடத்தின் மேலாகவே போகும். எங்கள் பக்கத்தில் அது பங்குனி பிறந்த இரண்டு மூன்று நாளில், காலை பதினொன்றேகால் மணி வாக்கில் நடக்கும். புரட்டாசி இரண்டாம் வாரத்தில் பதினொரு மணிக்குச் சற்று முன்னால் இன்னொரு முறை. அந்த நிமிடத்தில் ஓரிடத்தில் வெயில் விழுந்தால் அங்கிருந்து கோள் தெரியும். நிழல் விழுந்தால் தெரியாது. அவ்வளவுதான். புரட்டாசியில் இதற்காகவே போயிருந்தேன். அன்று மேகம் மூடிக் கிடந்ததால் வெறுங்கையோடு திரும்பினேன். அப்புறம் துலாவர்ஷ மழை, தேர்வு, விடைத்தாள் என்று மாதங்கள் ஓடின. மாமா அதுவரை பக்கத்து வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து மலையாளச் செய்தி பார்த்தார்.

பங்குனி பிறந்த கையோடு வந்த ஞாயிற்றுக்கிழமை, பதினொரு மணிக்கு நாங்கள் மூன்று பேரும் முற்றத்தில் நின்றோம். வானத்தில் ஒரு பொட்டு மேகம் இல்லை. அத்தை சொன்ன அடுப்பங்கரை மூலையில் தென்னங்கீற்று நிழல் வரிவரியாகக் கிடந்தது. அத்தை அதைப் பார்த்ததும், "அப்ப இங்க ஆகாது, இல்லியா?" என்று தானாகவே சொல்லிவிட்டாள். பலாமரத்தடி முழு இருட்டு. மாமா மரத்தை அண்ணாந்து பார்த்தார். "உச்சிக்கு மேல ஏத்தினா வெயில் இருக்கும்லா?" என்றார். இருக்கும்தான். நான் துவைகல்லுக்குப் பக்கத்தில் போய் நின்றேன். அத்தை நாற்பது வருடமாகத் துணி துவைத்துத் துவைத்து நடுவில் வழவழவென்று தேய்ந்துபோன கருங்கல் அது. அதன் மேல் பளீரென்று வெயில். ஈரம் காய்ந்து கல்லே சுட்டது. "மாமா, கூரை உச்சியில விழுகிற வெயிலும் இந்தக் கல்லு மேல விழுகிற வெயிலும் ஒண்ணுதானே? உயரத்துல இருக்குன்னு ஓட்டுக்கு மட்டும் கூடுதலா வெயில் அடிக்குதா?" என்று கேட்டேன்.

மாமா பதில் சொல்லவில்லை. ஓட்டைப் பார்த்தார், கல்லைப் பார்த்தார், கண்ணுக்கு மேல் கையைக் குவித்துச் சூரியன் இருந்த பக்கம் பார்த்துத் தலையைத் தாழ்த்திக்கொண்டார். பிறகு மெதுவாக நடந்து வந்து துவைகல்லில் உள்ளங்கையை வைத்தார். அந்தச் சூட்டை உணர்ந்தபடியே, "அப்ப அது இப்ப சூரியன் நிக்க இடத்துலதான் நிக்கு" என்றார். நான் ஆமாம் என்றேன். "எந்நேரமும் அங்கனயேதான்?" "எந்நேரமும் அங்கேயேதான் மாமா." கொஞ்ச நேரம் கழித்துக் குனிய முடியாத முழங்காலோடு குனிந்து, ஒரு ஓட்டுச் சில்லை எடுத்து, கல்லிலிருந்து இரண்டடி தள்ளி வெயிலில் வைத்தார். "இங்கன தோண்டுவோம்" என்றார்.

நான் எத்தனையோ வகுப்பு எடுத்திருக்கிறேன். ஒரு விஷயம் ஒருவருக்குள் போய்ச் சேருவதை இவ்வளவு அருகில் பார்த்தது அன்றைக்குத்தான். எனக்குள்ளும் அப்போதுதான் அது முழுதாகச் சேர்ந்தது என்று நினைக்கிறேன்.

அந்த இடத்துக்குத் தென்கிழக்கே நாலு எட்டு வைத்தால் அத்தை நட்ட மாங்கன்று, இடுப்பளவு உயரம். இப்போது அதன் நிழல் வேரடியிலேயே கிடந்தது. "இது வளந்தா?" என்று அத்தைதான் கேட்டாள். எனக்கு அது தோன்றியிருக்கவில்லை. பத்து மீட்டர் வளர்ந்தால் நாலு மீட்டர் தூரத்துக்கு மறைக்கும். நட்டு ஒரு வருடம்கூட ஆகாத கன்று. அன்று சாயங்காலமே மண்ணோடு பெயர்த்து வேலியோரம் மாற்றி நட்டாள். அது பிழைத்துக்கொண்டது.

குழி

குழாய் வாங்கச் செங்கோட்டைக்குப் போனபோது டிஷ்ஷோடு வந்த கிளாம்பையும் கையில் எடுத்துப் போனேன். இதை யாராவது செய்யப்போகிறீர்கள் என்றால் இந்த ஒன்றை மறக்க வேண்டாம். கடையில் ஒன்றரை இஞ்ச் ஜி.ஐ. பைப் என்று சொல்வதன் வெளிவிட்டம் ஒன்றரை இஞ்ச் இருக்காது. அது 48 மில்லிமீட்டர் சொச்சம், கிட்டத்தட்ட இரண்டு இஞ்சுக்கு வந்துவிடும். கிளாம்பை மாட்டிப் பார்த்துத்தான் வாங்க வேண்டும். லேசாக லொடலொடத்தாலும் அந்த ஆட்டம் காற்றில் தட்டுக்குப் போகும். கொஞ்சம் தடித்த குழாயாக ஏழடி வாங்கினோம். தரைக்குள் இரண்டரை அடி, மேலே நாலரை அடி. பட்டறையில் அடிப்பக்கம் இரண்டு கம்பித் துண்டுகளைக் குறுக்கே வைத்து வெல்டிங் செய்துகொண்டோம். உருண்டைக் குழாய் வெறுமனே கான்கிரீட்டில் நின்றால் நாளடைவில் காற்று அதைத் திருகிவிடும். குறுக்குக் கம்பி இருந்தால் திருகாது.

குழி தோண்ட உள்ளூர் மேஸ்திரி ஒருவர் வந்தார். நாம் ஜல்லி என்பதை அவர் மெட்டல் என்பார், தூக்குக்குண்டைத் தூக்குக்கட்ட என்பார். மாமாவுக்கு இரண்டும் ஒன்றுதான். ஒரு முழம் தோண்டியதும் செம்மண் போய்ச் சரளை வந்தது. பலாவேர் ஒன்று குறுக்கே ஓடியது. மாமா நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தவர், மேஸ்திரி கடப்பாரையைப் பிடித்த விதம் பொறுக்காமல் எழுந்துவந்து அதை வாங்கி, குழியின் ஓரங்களை மட்டும் செதுக்கிக் கொடுத்தார். மேலே அகலம், அடியில் குறுகல் என்று புனல் மாதிரி இருந்த குழி, மேலிருந்து கீழ்வரை ஒரே அகலத்துக்கு வந்தது. அடியில் ஒரு கை ஜல்லி போட்டு அவரே இடித்து இறுக்கினார், தண்ணீர் தேங்காமல் இறங்குவதற்கு. தண்டவாளக் கட்டைக்கு அடியில் ஜல்லி அடைக்கிற அதே குத்து. ஒரே இடத்தில் குத்தாமல், சுற்றிச் சுற்றி, சத்தம் மாறும்வரை குத்தினார். முதலில் சளக் சளக்கென்று இருந்தது, கடைசியில் ணங்கென்று வந்தது. "இப்ப ஆச்சு" என்றார்.

கலவை சிமென்ட் ஒன்றுக்கு மணல் இரண்டு, ஜல்லி நாலு. குழாயை நிறுத்தியதும் மேஸ்திரி ஒரு பக்கம் ரசமட்டம் வைத்துப் பார்த்து, சரி என்றார். மாமா விடவில்லை. கிழக்குப் பக்கம் நின்று தூக்குக்குண்டு விட்டுப் பார்த்தார், அப்புறம் தெற்குப் பக்கம் வந்து பார்த்தார். ஒரு பக்கத்திலிருந்து நேராகத் தெரியும் கம்பம் இன்னொரு பக்கத்திலிருந்து சாய்ந்திருக்கும். இந்த நேரம்தான் முழு வேலைக்கும் உயிர். கம்பம் செங்குத்தாக நின்றால், தட்டின் மேல்நோக்கிய சாய்வை ஒருமுறை வைத்துவிட்டு இடவலமாக மட்டும் திருப்பித் தேடினால் போதும். கம்பம் சாய்ந்திருந்தால் இடவலம் திருப்பத் திருப்ப மேல்கீழும் சேர்ந்து மாறிக்கொண்டே போகும். நாள் பூராவும் தேடினாலும் கோள் அகப்படாது. நான்கு பக்கமும் முளை அடித்து, கயிறு கட்டி நிறுத்தினோம். மேல்மட்டத்தைக் கரண்டியால் குவித்து, மழைத்தண்ணீர் குழாயைவிட்டு விலகி ஓடுமாறு பூசினார் மேஸ்திரி. கான்கிரீட் இறுகும்வரை மாமா அரைமணிக்கு ஒருமுறை எழுந்து போய்க் குண்டு விட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார். மறுநாளே தட்டை மாட்டலாம் என்று மேஸ்திரி சொன்னதற்கு, "ஒரு வாரம் ஆவட்டும், பொறவு பாப்போம்" என்று மாமா முடித்துவிட்டார். ஏழு நாளும் ஈரச்சாக்கு போட்டு அத்தை தண்ணீர் ஊற்றினாள். துணி அலசிய தண்ணீர் வேண்டாம், சோப்பு இருக்கும் என்று கிணற்றிலிருந்து தனியாக இறைத்து ஊற்றினாளாம்.

அடுத்த ஞாயிறு தட்டை மாட்டியது பெரிய கதையில்லை. செல்போன் திசைகாட்டியை இரும்புக் குழாய்க்குப் பக்கத்தில் வைத்தால் பொய் சொல்லும். பத்தடி தள்ளி நின்று திசை எடுத்து, தரையில் ஒரு கயிறு இழுத்துக்கொண்டேன். தட்டின் முகத்தைப் பார்த்து ஏமாறவும் கூடாது. இந்த வகைத் தட்டு, அது பார்ப்பதுபோல் தெரிகிற இடத்துக்கு இருபது டிகிரிக்கும் மேலே இருப்பதைத்தான் உண்மையில் பார்க்கிறது. 68 டிகிரிக்கு வைத்தபோது மாமாவுக்கு அது வேலிக்கு மேலே எங்கோ பார்ப்பதுபோல் இருந்தது. தெற்கே இவ்வளவு இறங்கி வந்துவிட்டால் தட்டுக்கு முன்னால் நீட்டிக்கொண்டு அலையை வாங்கும் எல்.என்.பி-யையும் நன்றாகவே திருகி வைக்க வேண்டும். இதை விட்டுவிட்டுத் தட்டையே ஆட்டிக்கொண்டிருப்பவர்கள் நிறையப் பேர். அத்தை உள்ளே தொலைக்காட்சி முன்னால் செல்போனைப் பிடித்துக்கொள்ள, நான் வெளியே வீடியோ அழைப்பில் சிக்னலின் தரம் காட்டும் கோட்டைப் பார்த்தபடி மயிரிழை மயிரிழையாகத் திருப்பினேன். பத்து நிமிடம் ஆகியிருக்கும். பொதிகை வந்தது. 2024 ஜனவரியிலேயே அது டிடி தமிழ் ஆகிவிட்டது. அந்த வீட்டில் இன்னும் பொதிகைதான்.

கேபிளை பி.வி.சி. குழாய்க்குள் விட்டு ஒரு முழ ஆழத்தில் புதைத்து, வீட்டுக்குள் நுழையும் இடத்தில் ஒரு வளைவு தொங்கவிட்டோம். வழிந்து வரும் மழைத்தண்ணீர் அந்த வளைவிலேயே சொட்டிவிடும், உள்ளே ஏறாது. கம்பத்துக்கு எர்த் கம்பி இழுத்து வீட்டு எர்த்தோடு சேர்க்க எலக்ட்ரீஷியனை வரவழைத்தோம். இந்தச் செலவை யாரும் மிச்சம் பிடிக்கக் கூடாது. ஐப்பசி, கார்த்திகையில் மத்தியானத்துக்கு மேல் அங்கே இறங்கும் இடி சாதாரணமானதில்லை. எர்த் இருந்தாலும் இடி கேட்டால் பிளக்கைப் பிடுங்கிவிட வேண்டும் என்று அத்தையிடம் மூன்று முறை சொல்லியிருக்கிறேன்.

ஆனி வந்தது, ஆடியும் போனது. வேலியோரத்து வாழைகள் இரண்டு ஒடிந்தன. கம்பம் நின்றது. நாலரை அடி உயரம்தான் என்பதால், தட்டில் ஒட்டும் பலா இலையை அத்தையே கையால் தட்டிவிடுகிறாள். துவைத்த துணியில் கைக்குட்டை மாதிரிச் சின்னதெல்லாம் இப்போது அந்தக் கம்பத்தில் கட்டிய கொடியில்தான் காய்கிறது. கொடியை அவிழ்த்துவிடச் சொல்லி நானும் கேட்டுக்கொண்டே இருக்கிறேன்.

புரட்டாசி இரண்டாம் வாரத்தில் ஒரு சனிக்கிழமை, பதினொரு மணி சுமாருக்கு மாமா கூப்பிட்டார். படம் உடைந்து உடைந்து நின்றுவிட்டதாம். வெளியே நல்ல வெயிலாம், காற்றே இல்லையாம். நான் பதில் சொல்ல வாயெடுப்பதற்குள் அவரே சொன்னார்: "நீ ஒண்ணும் பதற வேண்டாம். முத்தத்துல போயி பாத்துட்டுத்தான் பேசுதேன். அவரு வந்து அது முன்னால நிக்காரு. கொஞ்ச நேரத்துல நகந்துருவாரு. அத்தைகிட்ட, துணியை அதுக்குள்ள காயப்போட்டுருன்னு சொல்லியிருக்கேன்."